வாற வருசம் ஆருக்குத் தெரியும்

அத்தியாயம் 11

மகாதேவி பத்திரிகையின் ஆண்டிறுதிச் சிறப்பிதழை மடித்து மேசையில் வைத்துவிட்டு, இடியப்பத் தட்டை மருமகளின் பக்கம் தள்ளினார்.

"வாற வருசம் தங்கம் இன்னும் ஏறுமாம். தேங்காய் இறங்குமாம். வீடு கூட்டுறதுக்கு மிசின் வருமாம், தன்ரை பாட்டிலை கூட்டிக்கொண்டு திரியுமாம். வாசல் முத்தமும் கூட்டுமோ எண்டு அதிலை போடேல்லை."

தக்சாயினி சிரிக்கப் பார்த்தாள். இடியப்பத்தைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டாள்.

நேற்றிரவு இணுவிலில் இந்த வீட்டில் இருந்தபோது, அவளுடைய கைபேசியில் ஒரு செய்தி வந்து கிடந்தது. நாளை காலை எல்லாரும் அலுவலகத்துக்கு வர வேண்டும், லீவில் நிற்பவர்களும் வர வேண்டும். ஏன் என்று அதில் இல்லை. வருடத்தின் கடைசி நாளில் ஒரு கொம்பனி எல்லாரையும் ஒன்றாகக் கூப்பிட்டால், காரணத்தைத் தேடி அதிக தூரம் போகத் தேவையில்லை.

யாழ்ப்பாண நகரத்தில், ஆரியகுளம் சந்திக்குக் கிட்ட, ஒரு மாடிக் கட்டடத்தில் அவளுக்கு வேலை. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வயதான தமிழர்களுக்கும் அங்குள்ள டொக்டர்மாருக்கும் நடுவே தொலைபேசியில் நின்று மொழிபெயர்ப்பது. போன மாதம் முழுவதும் அந்த வேலையை ஒரு மிசினிடம் கொடுத்துப் பரீட்சித்துப் பார்த்தார்கள். மிசின் பேசும். மனிதர்கள் மைக்கை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும்.

அதில் ஒரு நாள் நடந்ததைத் தக்சாயினி வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

அவளுடைய கணவன் சிவதர்ஷனும் ஒன்றைச் சொல்லவில்லை. அவனுடைய சட்டைப் பையில் அன்று காலையில் கடவுச்சீட்டு இருந்தது. ருமேனியாவில் ஒரு களஞ்சியத்தில் வேலை, மூன்று வருட ஒப்பந்தம். மத்தியானத்துக்கு முன்னர் ஏஜென்சியில் அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இது மகாதேவிக்கு மட்டும் தெரியும். மகன் நேற்று, அவர் வேலை செய்கிற கூட்டுறவுச் சங்கக்கடைக்கு வந்து, அரிசி மூட்டைகளுக்கு நடுவே நின்று சொல்லிவிட்டு, தக்சிக்குச் சொல்லக்கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டு போயிருந்தான்.

"பிள்ளை, சாப்பிடு. ஓட்டோ நிக்குது," என்றார் மகாதேவி. அதற்குமேல் அவர் மருமகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

*

காங்கேசன்துறை வீதியில் பனி இன்னும் கலையாமல் கிடந்தது. சிவதர்ஷன் ஓட்டோவை வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினான். வழமையாகப் போகும்போது கைபேசியில் ஏதாவது ஒரு வீடியோ பேசிக்கொண்டு வரும். இன்றைக்கு அதை நிறுத்தி வைத்திருந்தான்.

வாற வருசம் இல்லாமல் போகப்போகிற பத்து வேலைகள் என்று ஒருவர் பேசிய வீடியோ அதில் இருந்தது. மூன்றாவதாக மொழிபெயர்ப்பாளர் வந்தது. எட்டாவதாக வாகனச் சாரதி வந்தது. ஒரே வீட்டில் இரண்டு. மானிப்பாயில் ஹயருக்கு ஆள் வரும்வரை காத்திருந்த நேரத்தில்தான் அதை முதலில் பார்த்தான். பிறகு தானாகத் தேடியும் பார்த்தான். பார்க்கப் பார்க்க அந்த மனிதர் தன் வீட்டுக் கதிரையில் வந்து இருந்துகொண்டு தன்னிடமே சொல்வது போல இருந்தது. ஏஜென்சியின் இலக்கத்தை அவன் தேடியது அதற்குப் பிறகுதான்.

"ஏன் ஒண்டும் கதைக்காம வாறீர்?" என்று முன்னால் பார்த்தபடி கேட்டான்.

"பனி. தலை இடிக்குது."

கொக்குவில் வந்தது. சந்தியில் பஸ் ஒன்று குறுக்கே நின்றது.

"வேலை போனாலும் யோசிக்காதையும் தக்சி. நான் பாப்பன்."

"ஏன் இப்ப அப்பிடிச் சொல்லுறியள்?"

"சும்மா சொன்னனான்."

கண்ணாடியில் அவனுடைய கண்களைப் பார்க்கத் தேடினாள். அவன் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினான்.

*

கூட்ட அறையில் மேசைக்கு நடுவே ஒரு கேக் பெட்டி இருந்தது. யாரும் திறக்கவில்லை.

"கேக் வாங்கி வைச்சுக்கொண்டு ஆக்களை வேலையாலை நிப்பாட்டுவினமோ?" என்று பக்கத்தில் இருந்த லவீனா காதுக்குள் கேட்டாள்.

"நிப்பாட்டுறதுக்குத்தான் கேக் வாங்குவினம்."

முகாமையாளர் லக்சன் உள்ளே வந்து கதவைச் சாத்தினான். அங்கிருந்த பலரைவிட வயதில் இளையவன். கையில் லப்டொப். முகத்தில் நித்திரை கொண்ட அடையாளம் இல்லை.

"தக்சாயினி அக்கா, முதல் உங்களோடை ஒரு கதை இருக்கு," என்றான்.

அறை அடங்கிப்போனது. தக்சாயினி கதிரையில் நிமிர்ந்து இருந்தாள்.

அவளுக்குத் தெரியும் அது எந்தக் கதை என்று. அன்று லண்டனில் ஒரு ஆஸ்பத்திரி வோர்ட்டில் இருந்து வந்த அழைப்பு. வயதான அம்மா ஒருவர், குரலைக் கேட்டால் வடமராட்சிப் பக்கம். தாதி ஆங்கிலத்தில் கேட்டதை மிசின் நல்ல தமிழில் கேட்டது. மருந்து எடுத்தீர்களா? அந்த அம்மா சொன்னார்:

"ரெண்டு குளிசையும் போட்டிட்டன் பிள்ளை. இப்பதான்."

மிசின் கொஞ்சமும் தயங்காமல் ஆங்கிலத்தில் சொன்னது. நோயாளி இரண்டு மாத்திரைகளையும் எறிந்துவிட்டாராம்.

பரவாயில்லை, வேறு இரண்டு தருகிறேன் என்றாள் தாதி. இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரை அது. ஒருமுறைக்கு மேல் கொடுத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. அந்த அம்மா எறிந்தார் என்றுதான் அவள் நம்பியிருந்தாள். கடதாசி கிழிகிற சத்தம் ஹெட்போனில் கேட்டது. தக்சாயினியின் விரல் தானாகப் போய் மைக்கைத் திறந்தது. "கொடுக்காதீர்கள். அவர் விழுங்கிவிட்டார். இப்போதுதான் விழுங்கினார்," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள்.

மைக்கைத் திறந்தால் பரீட்சை செல்லாது, திறந்தவர் வேலையில் இருக்க மாட்டார் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். அன்று பின்னேரம் லக்சன் அவளிடம், "பிறகு கதைப்பம்," என்று மட்டும் சொன்னான். அந்தப் பிறகு இன்றைக்குத்தான் வந்திருக்கிறது.

"அண்டைக்கு எனக்கு உங்களிலை கோவம்," என்றான் லக்சன் இப்போது. "ஒரு மாத வேலை பழுதாப் போச்சு எண்டு நினைச்சன். லண்டன் ஆஸ்பத்திரிக்காரருக்கு நான் மன்னிப்புக் கேட்டும் அனுப்பினனான். நேற்றிரவுதான் மறுமொழி வந்தது."

அவன் லப்டொப்பைத் திறக்கவில்லை. மூடியின்மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னான்.

"அந்த அழைப்பை அவையள் திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கினம். மற்ற அழைப்புகளையும் எடுத்துக் கேட்டிருக்கினம். இனிமேல் நேரம் குறிக்கிறது, விலாசம் கேக்கிறது, சாப்பாடு கேக்கிறது எல்லாம் மிசின் செய்யும். மருந்து, சத்திரசிகிச்சை, நோயாளி சம்மதம் சொல்லுறது, இதுகளிலை ஒரு மனிசர் கட்டாயம் இருக்க வேணும். மைக் திறந்தபடி. அப்பிடியெண்டால் ஒருத்தரையும் நிப்பாட்டத் தேவையில்லை. வாற வருசம் முழுக்க ஒப்பந்தம்."

யாரோ பெருமூச்சு விட்டார்கள். லவீனா மேசைக்குக் கீழே தக்சாயினியின் கையைப் பிடித்து நெரித்தாள்.

"மிசினுக்குக் குளிசை போடுறதைச் சொல்லிக் குடுத்தாச்சோ?" என்று பின்னால் இருந்து ஒரு குரல்.

"அண்டைக்கே திருத்தியாச்சு. இனி அதிலை பிழை விடாது. அடுத்த பிழை எதெண்டு எனக்குத் தெரியாது, அதுக்குத்தான் நீங்கள். அதுக்கு அடுத்த வருசம் என்ன நடக்கும் எண்டும் கேக்காதேங்கோ. உண்மையா எனக்குத் தெரியாது."

பிறகு அவன் தக்சாயினியைப் பார்த்தான். "அக்கா, கேக்கை நீங்கள் வெட்டுங்கோ."

அவள் எழும்பினாள். கேக்கை வெட்டிவிட்டு, கழிவறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ஒரு மாதமாக இரவில் திரும்பித் திரும்பிப் படுத்ததெல்லாம் அந்தத் தண்ணீரோடு போனது. முகத்தைக் கழுவிப் பார்த்தபோது கண் சிவந்திருந்தது. வயிறு பசித்தது. காலையில் சாப்பிடாதது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

சிவதர்ஷனுக்குக் கைபேசியில் எடுத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. திரும்பவும் எடுத்தாள். எடுக்கவில்லை.

*

சங்கக்கடையில் மகாதேவி ஒருவருக்குச் சீனி நிறுத்துக்கொண்டிருந்தார். கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே வைத்துக் கேட்டார்.

"மாமி, வேலை போகேல்லை. ஒருத்தரையும் நிப்பாட்டேல்லை," என்றாள் தக்சாயினி. "நான் உங்களுக்கு ஒரு கதை சொல்லாம விட்டனான். வீட்டை வந்து சொல்லுறன். இவர் போன் எடுக்கிறாரில்லை."

தராசில் சீனி கூடிக்கொண்டே போனது. வாங்க வந்தவர் பார்த்தார். மகாதேவி கவனிக்கவில்லை.

"மாமி?"

"பிள்ளை, நான் ஒண்டு சொல்லுறன். நீ கோவிக்கக் கூடாது. அவன் என்னட்டைச் சத்தியம் வாங்கினவன். பரவாயில்லை, நான் அதை உடைக்கிறன்." குரல் தணிந்தது. "அவன் ஸ்ரான்லி வீதியிலை ஏஜென்சியிலை நிக்கிறான். ருமேனியாவுக்கு. மூண்டு வருசம். உன்ரை வேலை போகப்போகுதெண்டுதான் அவன் வெளிக்கிட்டவன். பாஸ்போட்டைப் பின்னேரம் கொழும்புக்குக் கொண்டுபோயிடுவினம். கெதியாப் போ."

தக்சாயினி அழைப்பைக்கூட நிறுத்தவில்லை. கைபேசியைப் பிடித்தபடியே லவீனாவிடம் போய், "உன்ரை ஸ்கூட்டர் எங்கை நிக்குது?" என்று கேட்டது மகாதேவிக்குக் கேட்டது.

"அம்மா, எனக்கு இவ்வளவு சீனி வேண்டாம்," என்றார் வாங்க வந்தவர்.

*

சிவதர்ஷன் அதற்கு முன்னமே கடவுச்சீட்டைக் கொடுத்துவிட்டிருந்தான்.

கொடுக்கிற வரைக்கும் அது பெரிய விடயமாக இருக்கவில்லை. சுவரில் பனி மூடிய ஒரு நகரத்தின் படம். அதன் கீழே ஏஜென்சிக்காரர் இருந்து, வந்தவர்களுக்கெல்லாம் வாற வருசத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். வாற வருசம் விசா இறுகும். வாற வருசம் பெற்றோல் விலை எங்கேயோ போய் நிற்கும். வாற வருசம் இந்தக் கதவு பூட்டுப்படும் தம்பி, பிறகு என்னிலை பிழை சொல்லக் கூடாது. மேசையில் இருந்த கஜந்தினி என்ற பிள்ளை அவனுடைய கடவுச்சீட்டை வாங்கி, மற்றவற்றோடு சேர்த்து ரப்பர் நாடா போட்டு, ஒரு பைக்குள் வைத்தாள்.

அந்தப் பையின் சிப் இழுபட்ட சத்தம் கேட்டதும் அவன் தன் வெறுமையான சட்டைப் பையைத் தடவிப் பார்த்தான்.

கீழே வந்து ஓட்டோவில் ஏறி இருந்தான். திறப்பைச் செருகினான், திருப்பவில்லை. ஹயர் ஒன்று வந்து கைபேசியில் மின்னியது. விட்டுவிட்டான். பிறகு தக்சியின் பெயர் மின்னியது. வேலை போய்விட்டது என்று சொல்லத்தான் எடுக்கிறாள் என்று நினைத்தான். பாவம், அழுவாள். அவளைத் தேற்றிவிட்டு, அதே மூச்சில் நான் போகிறேன் என்று எப்படிச் சொல்வது? எடுக்கவில்லை.

ஸ்கூட்டர் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. பின்னால் இருந்து இறங்கியது தக்சாயினி.

"எப்பிடி வந்தனீர்?"

"குடுத்திட்டியளோ?"

அவன் தலையை ஆட்டினான்.

அவள் பின் இருக்கையில் ஏறி இருந்தாள். லவீனா கொஞ்சத் தூரம் தள்ளிப் போய் நின்று, வேறு பக்கம் பார்த்தாள்.

"என்ரை வேலை போகேல்லை," என்றாள் தக்சாயினி. "வாற வருசம் முழுக்க இருக்கு. அதைச் சொல்லத்தான் எடுத்தனான்."

அவன் முன்னால் பார்த்தபடி இருந்தான். தோள் மட்டும் இறங்கியது.

"போக வேணுமெண்டு உங்களுக்கு விருப்பமெண்டால் போங்கோ. நான் மறிக்க மாட்டன். ஆனா விமான நிலையத்திலை வைச்சோ எனக்குச் சொல்லுறதா இருந்தனீங்கள்?"

"நீர் பயந்துகொண்டு இருந்தீர். ராவிலை நித்திரை இல்லை. நான் கேக்காமல் விட்டனான், கேட்டால் அழுவீர் எண்டு. வேலைதான் போகப்போகுதெண்டு விளங்கீட்டுது. அந்த வீடியோவும் அப்பிடித்தான் சொன்னது."

"எந்த வீடியோ?"

சொன்னான். பத்து வேலைகள். மூன்றாவது, எட்டாவது.

"எட்டாவது சாரதியோ? கொக்குவில் சந்தியிலை அந்த மிசினை ஒருக்கா ஓட விட்டுப் பாக்கச் சொல்லுங்கோ," என்றாள். "நானும் உங்களுக்கு ஒண்டு சொல்லேல்லை. நான் பயந்தது மிசினுக்கு இல்லை." குளிசையின் கதையை அங்கேயே, வீதிச் சத்தத்துக்கு நடுவே, முழுதாகச் சொன்னாள்.

அவன் இருக்கையில் திரும்பி அவளைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"அந்த மனுசி இப்ப எப்பிடி இருக்கிறா?"

"வீட்டை போயிட்டாவாம்."

"தக்சி, எனக்குப் போக விருப்பமில்லை. ஒரு நாளும் விருப்பமில்லை."

"அப்ப இறங்குங்கோ. ரெண்டு பேரும் போய்க் கேப்பம்."

மேலே கஜந்தினி மட்டும் இருந்தாள். மேசையில் பை இல்லை. ஐயா அதை வான் வண்டிக்குள் வைத்துவிட்டார், பின்பக்கம் நின்று சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், முடிந்ததும் வான் புறப்பட்டுவிடும் என்றாள். சிவதர்ஷன் படிகளை எப்படி இறங்கினான் என்று அவனுக்கே தெரியாது.

ஏஜென்சிக்காரர் சோற்றுப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு வானின் முன் இருக்கையில் இருந்தார். கேட்டதும் கையைக்கூடக் கழுவாமல் பேசத் தொடங்கினார்.

"தம்பி, பெம்பிளையள் அழுகினமெண்டு நிண்டால் ஒருத்தரும் வெளிநாடு போயிருக்க மாட்டினம். நல்லா யோசிச்சுக் கதையும். வாற வருசம் இஞ்சை என்ன நிலைமை எண்டு உமக்குத் தெரியாது."

"தெரியாதுதான் ஐயா," என்றான் சிவதர்ஷன். "என்ரை பாஸ்போட் புத்தகத்தைத் தாங்கோ."

"அவ அழேல்லையே," என்றாள் கஜந்தினி பின்னால் வந்து நின்று. தக்சாயினியின் சிவந்த கண்ணை அவள் பார்க்காமல் இல்லை. ஆனாலும் அப்படித்தான் சொன்னாள். வானுக்குள் எட்டிப் பையை எடுத்து, நாடாவை உருவி, ஒன்றைத் தெரிந்தெடுத்து நீட்டினாள். ஏஜென்சிக்காரர் அவளை முறைத்துவிட்டுச் சோற்றுக்குத் திரும்பினார்.

திரும்பி வரும் வழியில் இருவரும் கொத்துரொட்டி வாங்கி, ஓட்டோவை ஓரமாக நிறுத்தி, ஒரே பார்சலில் சாப்பிட்டார்கள். அவளுக்கு அவ்வளவு பசி. அவன் தன் பங்கையும் அவள் பக்கம் ஒதுக்கிவிட்டான்.

*

பின்னேரம் மகாதேவி சங்கக்கடையில் இருந்து வரும்போதே வாசலில் மகன் நின்றான்.

"சத்தியத்தை உடைச்சிட்டீங்கள் அம்மா."

"உடைச்சன். இனியும் உடைப்பன். உன்ரை ரகசியம் எல்லாம் வைக்க நான் என்ன வங்கியோ?" அவர் கூடையை அவன் கையில் திணித்தார். பிறகு மெதுவாக, "எடுத்திட்டியோ?" என்றார்.

"ஓம்."

மகாதேவி சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு, தேத்தண்ணி போட உள்ளே போனார். குசினியில் இருந்து பாட்டு முணுமுணுக்கிற சத்தம் வந்தது. அந்த வீட்டில் அதைக் கேட்டுப் பல நாட்கள்.

தக்சாயினி அங்கேயே பலகை வாங்கில் இருந்து, மாமிக்கு மூன்றாம் முறையாகக் குளிசைக் கதையைச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் மகாதேவி நெஞ்சில் கை வைத்தார். மிசினில் தனக்குக் கோபம் இல்லை என்றாள் தக்சாயினி. மருந்துகளின் பெயரை அது தன்னைவிடச் சுத்தமாகச் சொல்லும் என்றும் சொன்னாள்.

சிவதர்ஷன் முற்றத்தில் ஓட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தான். வருடம் பிறக்கும்போது அது மினுங்க வேண்டும் அவனுக்கு.

தக்சாயினியின் கைபேசி அடித்தது. லக்சன்.

"அக்கா, வீட்டிலை நிக்கிறியளோ? இப்பதான் லண்டனிலை இருந்து கதைச்சவை." அவன் குரலில் காலையில் இல்லாத ஓர் அவசரம் இருந்தது. "அங்கை உள்ள தாதிமாருக்கும் மிசின் செய்யிற ஆக்களுக்கும் பழக்கிறதுக்கு இஞ்சையிருந்து ஒராள் வேணுமாம். ஆறு மாதம். தைப்பொங்கல் முடிஞ்சவுடனை லண்டனுக்கு வெளிக்கிட வேணும். உங்களைத்தான் கேக்கினம். நான் இன்னும் ஓமெண்டும் சொல்லேல்லை, இல்லையெண்டும் சொல்லேல்லை."

அவள் எழும்பி நின்றாள். மகாதேவி அடுப்பில் இருந்து திரும்பிப் பார்த்தார்.

"ஆரடி பிள்ளை?"

காலையில் என்றால், ஒன்றுமில்லை மாமி என்று சொல்லிவிட்டு அறைக்குள் போயிருப்பாள். நாளைக்குச் சொல்லலாம், நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்திருப்பாள்.

"லக்சன், போனை வையுங்கோ. நான் வீட்டிலை கதைச்சிட்டு எடுக்கிறன்."

முன்வாசலுக்கு வந்தாள். சிவதர்ஷன் குனிந்து ஓட்டோவின் சில்லைத் தேய்த்துக்கொண்டிருந்தான். குழாயில் இருந்து தண்ணீர் முற்றத்தில் ஓடியது.

"இஞ்சேருங்கோ," என்று கூப்பிட்டாள். "தண்ணியை நிப்பாட்டிப்போட்டு வாங்கோ. மாமி, நீங்களும் வாங்கோ. ஒரு கதை இருக்கு."